மஞ்சள் போட்டுக் கழுவிய ஹேம்

போன தீபாவளி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஜொகூர் பாரு, பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு என் மச்சான் முதன்முறையாக வருவதாக இருந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் ஒரே அண்ணன். எங்களுக்குக் கல்யாணமாகி, பிறந்த மகளும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். அதுவரைக்கும் அவர் எங்கள் வாசலை மிதித்ததில்லை.

காரணம் நான்தான். படிவம் இரண்டோடு, பதினாலு வயசில், பள்ளிக்கூடத்தை விட்டவன். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறேன். மனைவி படிவம் ஆறு வரை படித்தவள், பாலர் பள்ளி ஆசிரியை. அப்பா இல்லாத வீட்டில் அவளைப் படிக்க வைத்ததே அந்த அண்ணன்தான். அவர் கணக்காய்வாளர். அப்படி வளர்த்த தங்கை ஒரு பஸ் டிரைவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றதும் அவருக்கு மனசு விட்டுப்போயிற்று. கல்யாணத்துக்கு வந்தார், மூன்றாம் மனிதர் மாதிரி நின்றார், சாப்பிடாமல் போனார். சில மாதத்தில் மெல்பர்னுக்குக் குடிபோய்விட்டார்.

அதன் பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போன் வரும். தங்கையோடு மட்டும் இரண்டு வார்த்தை. பேசி முடித்ததும் மனைவி அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் துலக்குவாள். ஏற்கெனவே துலக்கி வைத்த பாத்திரத்தையே மறுபடி துலக்குவாள்.

இப்போது உறவில் ஒரு கல்யாணம் என்று அவரும் அவர் மனைவியும் ஜொகூர் வந்திருந்தார்கள். "ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வந்து எட்டிப் பாத்துட்டுப் போறோம்மா. அரை மணி நேரந்தான்" என்று போனில் சொல்லியிருந்தார். அந்த அரை மணி நேரத்துக்காக என் மனைவி வீட்டுத் திரைச்சீலை எல்லாவற்றையும் மாற்றினாள். ஸ்டூல் போட்டு ஏறிக் காற்றாடியைத் துடைத்தாள். துடைக்கும்போது பாடினாள்.

அவள் பாடப் பாட எனக்குக் கவலை கூடியது. நான் எதற்கும் பயப்படுகிற ஆள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். இத்தனை வருடம் கழித்து வருகிற மனுஷன் முன்னால் நான் எதையாவது சொதப்பி, 'நான் அன்னைக்கே சொன்னேன்ல' என்கிற மாதிரி தங்கையை அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டால்? அப்புறம் அவள் பாடவா போகிறாள்?

அந்தச் சமயத்தில்தான் மனைவி தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். மச்சானின் பிறந்தநாள். மேசையில் ஒரு பெரிய மரப்பலகை. அதன்மேல் விதவிதமான சீஸ், மெல்லிசாகச் சீவிச் சுருட்டிய இறைச்சி, திராட்சை, பிஸ்கட், பருப்பு எல்லாம் கோலம் போட்ட மாதிரி அடுக்கி வைத்திருந்தது. சுற்றி எல்லாரும் கையில் ஒயின் கிளாஸோடு நின்றார்கள்.

எனக்கு அது அப்படியே மண்டையில் ஏறிவிட்டது. "இவருக்கு வடை, டீ எல்லாம் சரிப்படாது. நாமளும் இந்த மாதிரி வைக்கணும்" என்றேன்.

"ஏங்க, எங்கண்ணன் பொறந்தது ஆயர் ஈத்தாம் பக்கத்துல செம்பனைத் தோட்டத்துல. பாரிஸ்ல இல்ல."

"அது அப்போ. இப்போ அவரு நாக்கு மாறியிருக்கும்லா."

"அவரு நாக்கு மாறல. ஒங்க மூளைதான் எடம் மாறிருச்சு. பேசாம இருங்க, நான் உளுந்து வடை சுட்டுக்கிறேன்."

நான் விடவில்லை. நாலு மணி சாப்பாட்டு நேரமும் இல்லை. அவர் வீட்டில் எப்படி உபசரிப்பார்களோ அதே மாதிரி இங்கேயும் ஒரு பலகை இருந்தால், 'பரவாயில்லையே, இந்த ஆளுக்கும் நாலு விஷயம் தெரிஞ்சிருக்கே' என்று ஒரு நிமிடமாவது நினைப்பார் அல்லவா? மனைவி கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டாள். "என்னமோ செய்ங்க. அண்ணன் வர்ற அன்னைக்கு என் மானத்த வாங்காம இருந்தா சரி."

சனிக்கிழமை ஜொகூர் பாருவில் ஒரு பெரிய பேரங்காடிக்குப் போனேன். ஹலால் இல்லாத பொருள்களுக்கு ஓரமாகத் தனியறை இருக்கும் இல்லையா, அதற்குள் நான் அதுவரை போனதே இல்லை. கவுண்டரில் இருந்த சீனப் பெண் பொறுமைசாலி. மாட்டிறைச்சி எதிலும் இல்லையே என்று ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கேட்டேன். இல்லை, இல்லை என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். ஹேம், சலாமி என்று அவள் எடுத்துக் கொடுத்த பன்றிக்கறி பச்சை ரத்தச் சிவப்பாக இருந்தது. எப்படிச் சமைப்பது என்று கேட்டேன். சிரித்துவிட்டு மலாயில், "அங்கிள், இனி பொலே தெருஸ் மாக்கான்" என்றாள். அப்படியே சாப்பிடலாமாம். தலையாட்டினேனே தவிர நம்பவில்லை. இரண்டு விதச் சீஸையும் சேர்த்து வந்த விலையை இங்கே எழுதமாட்டேன். மனைவி இதைப் படிப்பாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மனைவி காரை எடுத்துக்கொண்டு அவர்களை ஹோட்டலிலிருந்து அழைத்துவரக் கிளம்பினாள். வீட்டில் நான் மட்டும். பினாங்கில் படிக்கிற மகள், பலகை அடுக்குவது எப்படி என்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு குரல் பதிவு: "பா, சமைக்கிற வேலையே இல்லப்பா. வெட்டி அடுக்கினா முடிஞ்சிச்சு. டென்ஷன் ஆவாதீங்க, ப்ளீஸ்."

சப்பாத்திப் பலகையைக் கழுவித் துடைத்து வைத்தேன். முதலில் வட்டமான சீஸைப் பிரித்தேன். மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று பூஞ்சை. வாரக்கணக்கில் மறந்துபோன ரொட்டியில் பிடிக்குமே, அதே மாதிரி. தேதியைப் பார்த்தேன், கெடவில்லை என்றது. தேதி சொல்லிவிட்டால் ஆயிற்றா, கண் பார்க்கிறதே! கத்தியை எடுத்து உருளைக்கிழங்குத் தோல் சீவுகிற மாதிரி சுற்றிலும் சீவி எடுத்தேன். உள்ளே கொழகொழவென்று வழிந்தது. கிடைத்ததைத் துண்டு துண்டாக வழித்து வைத்தேன்.

அடுத்ததைத் திறந்தேன். இதில் பூஞ்சை உள்ளேயே ஓடியிருந்தது, நீலமாக, நரம்பு நரம்பாக. வாடையைச் சொல்லி முடியாது. மழையில் நனைந்த பூட்ஸைப் பஸ்ஸுக்குள் ஒரு வாரம் பூட்டி வைத்தால் வருமே, அந்த வாடை. இதைச் சுரண்டவும் வழியில்லை. மூடி, இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். அந்தப் பெண் நல்லவள் மாதிரி பேசி என்னை ஏமாற்றிவிட்டாள் என்றே நினைத்தேன்.

மிச்சம் ஹேமும் சலாமியும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பச்சை இறைச்சி. எனக்கு மண்டைக்குள் படம் ஓட ஆரம்பித்துவிட்டது. மச்சான் சாப்பிடுகிறார். ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். ஆம்புலன்ஸ் வருகிறது. 'ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் தங்கை வீட்டில் மயக்கம்' என்று பேப்பரில் போடுகிறார்கள். பக்கத்தில் என் படம், அடையாளக் கார்டில் இருக்கிற அந்தத் திருட்டு முழி.

எங்கள் வீட்டில் எந்தக் கறியும் மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவாமல் சட்டிக்குப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி கழுவுவது என் வேலை. கை தானாகப் போய்விட்டது. பெரிய பேசினில் தண்ணீர் பிடித்து, மஞ்சள்தூளைக் கொட்டி, ஹேம், சலாமி எல்லாவற்றையும் போட்டு நன்றாக அலசினேன். காகிதம் மாதிரி சீவிய ஹேம் தண்ணீரில் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நனைந்த டிஷ்யூ மாதிரி உருண்டைக் கட்டியாகிவிட்டது. பிரித்தால் கிழிந்தது. சலாமி மட்டும் மஞ்சள் நிறத்தில் தட்டை முறுக்கு மாதிரி கிடந்தது.

கழுவியதை அப்படியே பலகையில் வைக்க முடியுமா? மணி மூன்றரை. வாணலியை ஏற்றினேன். எண்ணெய், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெரிய வெங்காயம். கறியைப் போட்டு, ஒரு கரண்டி மசாலாத் தூள், வழக்கம்போல ஒரு கை உப்பு. புரட்டி எடுத்து ஒரு துண்டு வாயில் வைத்தேன்.

ஐயோ சாமி! கடலையே மென்ற மாதிரி இருந்தது. ஏற்கெனவே உப்பில் ஊறிக் காய்ந்த கறியாம் அது. அதற்கு மேல் நான் வேறு உப்புப் போட்டிருக்கிறேன். உதடு எரிய நின்றேன். அப்போதுதான் அழுகை வந்தது, உண்மையாகச் சொல்கிறேன். மனைவி துடைத்த காற்றாடி கூடத்தில் பளபளவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

பழம் அடுக்க வேண்டும் என்று வீடியோவில் சொன்னதால், முதல்நாள் பெக்கான் நானாஸ் சாலையோரத்தில் வாங்கி வந்த அன்னாசி ஒன்று மேசையில் இருந்தது. உப்பு கூடிப்போனால் இனிப்பையும் புளிப்பையும் போட்டு இழுக்க வேண்டியதுதானே? வெட்டியதை முழுக்க வாணலியில் கொட்டினேன். சாறு விட்டுச் சுண்டியது. மறுபடி ருசி பார்க்கப் பயமாக இருந்தது. அதற்குள் கார் சத்தம் கேட்டுவிட்டது.

அவசர அவசரமாகப் பலகையில் அடுக்கினேன். நடுவில் ஒரு கிண்ணத்தில் அந்த மஞ்சள் பிரட்டல். சுற்றிலும் உடைந்த இட்லி மாதிரி சீஸ் துண்டுகள், கிரீம் கிரேக்கர் பிஸ்கட், திராட்சை, வறுத்த கச்சான் கடலை, தீபாவளியில் மிஞ்சிய முறுக்கு.

மச்சான் உள்ளே வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்து "நல்லாருக்கீங்களா" என்றார், முறை சொல்லாமல். சோபா நுனியில் உட்கார்ந்தார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வீடு அழகாக இருக்கிறது என்றார். மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் மனைவி அவர் கையையே பார்த்தாள்.

பலகையைக் கொண்டுபோய் வைத்தேன். மனைவி முகம் போன போக்கை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மச்சான் முள்கரண்டியால் ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்தார். "இது என்னங்க?"

"ஹேம், மச்சான்."

"ஹேமா?"

"பச்சையா இருந்திச்சு. அதான் மஞ்சள் போட்டுக் கழுவி..."

"ஹேமைக் கழுவினீங்களா?"

"நல்லா மூணு தண்ணி ஊத்திக் கழுவினேன், மச்சான். பயப்படாம சாப்பிடுங்க."

அக்கா குனிந்து சீஸைப் பார்த்தார். "தம்பி, இதுக்கு மேல வெள்ளையா ஒரு தோல் இருந்திருக்குமே?"

"பூஞ்சைக்கா. எல்லாத்தையும் சொரண்டி எடுத்துட்டேன். ஒன்னு நீலமா, உள்ளுக்குள்ளேயே கெட்டுப் போயிருந்திச்சு. அதக் குப்பையில போட்டுட்டேன்."

"நீலச் சீஸையா? குப்பையிலயா?" அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அலமாக்! வடை சுடுறேன்னேன், கேட்டாரா இந்த மனுஷன்..."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். கோபம்தான் என்று நினைத்தேன். இனி என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லாமல், தோள் மட்டும். என் மனைவி ரொம்பச் சிரிப்பு வந்தால் அப்படித்தான் சிரிப்பாள். இத்தனை வருடம் என் வீட்டில் நான் பார்த்துப் பழகிய சிரிப்பு, இந்த மனுஷரிடமும் இருந்தது. அண்ணனைப் பார்த்துத் தங்கைக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, சத்தமில்லாமல், கண்ணில் நீர் வழிய.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மச்சான் அந்தத் துண்டை வாயில் போட்டார். மென்றார். இன்னொன்று எடுத்தார். முள்கரண்டியை வைத்துவிட்டுக் கையாலேயே ஒரு அன்னாசித் துண்டோடு சேர்த்து எடுத்தார்.

"தங்கச்சி," என்றார், "சோறு இருக்கா?"

சோறு இல்லை. நாலு மணிக்கு யார் சோறு வைத்திருப்பார்கள்? என் மனைவி எழுந்த வேகத்தில் சோபா மெத்தை கீழே விழுந்தது. "இதோ, அரிசி களைஞ்சு போட்டா வெந்துரும்ணே. இருங்க, போயிராதீங்க!"

"போவல, போவல. நீ மெதுவா வை" என்று சொல்லிக்கொண்டே மச்சானும் பின்னாலேயே அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் அக்காவும் கூடத்தில் உட்கார்ந்து காது கொடுத்தோம்.

"தண்ணி ஜாஸ்தி. கொழைஞ்சிரும்."

"எங்க வீட்டு அரிசி, எங்க வீட்டு குக்கர். எனக்குத் தெரியும்."

"நீ அப்போ இருந்தே கஞ்சிதான் வப்பே."

"அந்தக் கஞ்சியக் குடிச்சுத்தானே பெரிய ஆளானீங்க? கைய எடுங்க அண்ணே!"

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "சண்டை போட ஆரம்பிச்சிட்டாங்க தம்பி. இனிமே ஒன்னும் பயமில்ல."

சோறு வேகும் நேரத்தில் மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "மாப்ள, அந்த நீலச் சீஸ எந்தத் தொட்டியில போட்டீங்க?"

எனக்கு ஒரு கணம் எந்தத் தொட்டி என்றே மறந்துபோயிற்று. மாப்ள என்று அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பச்சைத் தொட்டியைக் காட்டினேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு குனிந்து உள்ளே கையை விட்டார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர், "ஹிலாங் அப்பா?" என்று கேட்டார். என்ன காணோம் என்று கேட்கிறார். "கெஜு, அங்கிள். கெஜு மஹால்!" என்றார் மச்சான். விலை உயர்ந்த சீஸாம்! எத்தனை வருடம் மெல்பர்னில் இருந்தாலும் மலாய் மட்டும் துருப்பிடிக்கவில்லை. கட்டிய முடிச்சு அவிழாமல் இருந்த பையை வெற்றிக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்தார். பெரியவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டேதான்.

எல்லாரும் மேசையில் உட்கார்ந்து சுடச்சுடச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டோம். சோறு கொஞ்சம் குழைந்துதான் இருந்தது. மச்சான் தங்கையை ஒரு பார்வை பார்த்தார். "வாயத் தொறந்தீங்கன்னா தட்டப் புடுங்கிருவேன்" என்றாள் அவள். பினாங்கிலிருந்த மகளை வீடியோவில் கூப்பிட்டு, மாமாவிடம் பேச வைத்தாள். மாமா அவளிடம் முதலில் சொன்னதே, "ஒங்கப்பா ஹேமைக் குளிப்பாட்டி வச்சிருக்காரு, பாத்தியா?" என்பதுதான். நீலச் சீஸை எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். மரியாதைக்காக விழுங்கினேன். அதைப் பற்றி என் கருத்து மாறவில்லை.

பொழுது நன்றாக இருட்டிய பிறகுதான் கிளம்பினார்கள். காரில் ஏறும் முன் மச்சான் தங்கையிடம், "அடுத்த தடவ ஹோட்டல் வேணாம்மா. இங்கயே தங்கிக்கிறோம்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்து, பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அதுவே எனக்குப் போதும்.

அவர்களை விட்டுவிட்டு வந்த மனைவி நேராக அடுப்படிக்குப் போகவில்லை. எல்லாப் பாத்திரத்தையும் எச்சிலோடு அப்படியே போட்டுவிட்டுக் கூடத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மூணு தண்ணியா ஊத்திக் கழுவினீங்க?" என்று கேட்டாள். மறுபடி தோள் குலுங்கியது.

அன்றைக்கு நான் அந்தப் பலகையை வீடியோவில் இருந்த மாதிரி பிசகில்லாமல் அடுக்கியிருந்தால், மச்சான் இரண்டு துண்டு எடுத்துச் சாப்பிட்டு, நன்றி சொல்லி, கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்பிப் போயிருப்பார். இன்றும் வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் எனக்குப் பயம் வரத்தான் செய்கிறது. ஆனால் தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளும் கஷ்டம் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு என்னை விட்டுப் போய்விட்டது, அது மனசில் விட்டுப்போன இடத்தில்தான் இப்போது என் மச்சான் வந்து உட்கார்ந்திருக்கிறார்.